தொல்காப்பியர் கண்ட எழுத்தும் கணிப்பொறி காணும் எழுத்தும்

முன்னுரை

எழுத்து எது, எழுத்தல்லாதது எது என்னும் வினாவைத் தமிழாசிரியர்களாகிய நாம் பன்முறை வகுப்பறையில் எழுப்பியிருக்கின்றோம். அவ்வினாவை ஓர் இயந்திரம் நம்மிடமே திருப்பிக் கேட்கும் நாள் வரும் என்று அன்று எண்ணியதில்லை. அண்மையில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள் நம்மை அவ்வாறு எண்ண வைத்தன.

முதலாவது, துறை மாணவர்களின் பெயர்ப் பட்டியலை அகரவரிசைப்படுத்திய போது நிகழ்ந்தது. கணிப்பொறி ‘அஜீஸ், அன்வர், அப்துல், அமீன், அஹமது’ என்று வரிசை தந்தது. அகராதி பார்க்கப் பழகிய முதலாமாண்டு மாணவரும் ‘அப்துல், அமீன், அன்வர், அஜீஸ், அஹமது’ என்றே அடுக்குவார். னகரம் மெய்களுள் இறுதியது. பகரத்திற்கு முன்னே அது வந்தது எங்ஙனம் என்று நாம் வியந்தோம்.

இரண்டாவது, சற்று வருத்தம் தந்தது. நம் மாணவி ஒருவர் ஓர் அலுவலகத்தின் இணைய விண்ணப்பத்தில் தம் பெயரைத் தமிழில் ‘ஃபாத்திமா’ என நிரப்பினார். ‘எழுத்துகளை மட்டும் இடுக’ என்று சிவப்பு நிறத்தில் அறிவிப்பு வந்தது. மும்முறை முயன்றும் பயனில்லை. இறுதியில் தமிழ்ப் பெயருக்குரிய கட்டத்திலும் ஆங்கிலத்திலேயே எழுதி அனுப்பினார். “ஐயா, என் பெயரில் எழுத்தல்லாதது எது?” என்று அவர் கேட்ட வினாவுக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

இலக்கணம் வகுத்த எழுத்து

தொல்காப்பியர் தம் நூலை எழுத்ததிகாரத்திலிருந்தே தொடங்குகின்றார். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு ஆக முதலெழுத்து முப்பது என்றும், குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகிய மூன்றும் சார்ந்து வருவன என்றும் அவர் வகுத்தார். உயிரைக் குறில், நெடில் என்றும், மெய்யை வல்லினம், மெல்லினம், இடையினம் என்றும் மேலும் பகுத்தார். ஒவ்வொரு பகுப்புக்கும் ஒரு பயன் உண்டு. குறில் நெடில் பாகுபாடு இல்லையேல் மாத்திரை இல்லை. மாத்திரை இல்லையேல் யாப்பு இல்லை. வல்லினம் எதுவென அறியாதவர்க்குச் சந்தி இல்லை.

பின்வந்த நன்னூலார் சார்பெழுத்துகளைப் பத்தாக்கி, அவற்றின் விரிவை 369 எனக் கணக்கிட்டார். உயிர்மெய் 216, ஆய்தம் 8, உயிரளபெடை 21, ஒற்றளபெடை 42, குற்றியலிகரம் 37, குற்றியலுகரம் 36, ஐகாரக்குறுக்கம் 3, ஔகாரக்குறுக்கம் 1, மகரக்குறுக்கம் 3, ஆய்தக்குறுக்கம் 2 என்பன அக்கணக்கின் உறுப்புகள். பவணந்தி முனிவர் கொங்கு நாட்டுச் சீனாபுரத்தோடு தொடர்புடையவர் என்பது இப்பகுதியில் வழங்கும் மரபு. ஆதலின் எழுத்தைக் கணக்கிடும் கலை கொங்கு மண்ணுக்குப் புதியதன்று எனலாம்.

ஈண்டு ஒன்றை மனங்கொள்ள வேண்டும். இலக்கண நூலார் எழுத்தை ஒலியாகவும் வரிவடிவாகவும் வேறுபிரித்தே கண்டனர். ஒலியால் நோக்கின், மெய்யோடு உயிர் சேர உயிர்மெய் பிறக்கும். வடிவால் நோக்கின், மெய்க்கு அடையாளம் புள்ளி. புள்ளி நீங்கிய உருவே அகரமேறிய உயிர்மெய். ஒரே எழுத்து இருவேறு கோணங்களில் இருவேறு முறையில் தோன்றும் என்னும் இவ்வுண்மை பின்னர் நமக்குத் துணையாக வரும்.

இயந்திரம் வகுத்த எழுத்து

கணிப்பொறி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரப்பெற்றது. 1960-களில் அமெரிக்காவில் தரப்படுத்தப்பட்ட ‘ஆஸ்கி’ முறையில் மொத்தம் 128 இடங்கள். அவற்றுள் 33 இடங்கள் இயந்திரக் கட்டளைகளுக்கு உரியன. எஞ்சிய 95 இடங்களில் ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகள் 52, எண்கள் 10, நிறுத்தக்குறி முதலிய குறிகள் 32, இடைவெளி 1 ஆகியவை அடங்கின. ஆங்கிலப் பெரிய ‘ஏ’ 65 என்னும் எண்ணையும், சிறிய ‘ஏ’ 97 என்னும் எண்ணையும் பெற்றன. ஒவ்வொரு பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் இடையே வேற்றுமை சரியாக 32.

1970-களில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி ‘சி’ என்னும் நிரல்மொழியை உருவாக்கினார். நிரல் எழுதுவோர் மீண்டும் மீண்டும் வேண்டும் செயல்களை முன்னரே எழுதித் தொகுத்து வைப்பர். அத்தொகுப்பிற்கு ‘நூலகம்’ என்று பெயர். சி மொழியின் நூலகத்தில் எழுத்துகளை வகைப்படுத்துவதற்கென்றே ஒரு பகுதி உண்டு. ‘இஸ்ஆல்ஃபா’ என்னும் கட்டளை ‘இஃது எழுத்தா?’ என்று வினவும். ‘இஸ்டிஜிட்’ எண்ணா என்றும், ‘இஸ்ஸ்பேஸ்’ இடைவெளியா என்றும், ‘இஸ்பங்க்ட்’ நிறுத்தக்குறியா என்றும் வினவும். விடை ஆம் அல்லது இல்லை என்பதே.

இதன் உள்ளமைப்பு மிக எளிது. ஓர் அட்டவணை இருக்கும். எழுத்தின் எண்ணே அவ்வட்டவணையின் வரிசை எண். 65-ஆம் கட்டத்தைத் திறந்தால், ‘எழுத்து, பெரிய எழுத்து’ என்று அங்கே குறிக்கப்பட்டிருக்கும். நூற்பாவை மனப்பாடமாக வைத்திருக்கும் மாணவன் கேட்டவுடன் விடை சொல்வது போல, ஒரே பார்வையில் இயந்திரம் விடை சொல்லிவிடும். ஆங்கிலத்தில் ஓர் ஒலிக்குறி, ஓர் எண், ஓர் உருவம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதால் இம்முறை தடையின்றி நடந்தது.

தமிழ் புகுந்த வரலாறு

தமிழ் இந்த வீட்டிற்குள் முதலில் முகமூடி அணிந்தே புகுந்தது. 1990-களில் நாம் பயன்படுத்திய எழுத்துருக்கள் பலவற்றில், ஆங்கில எழுத்து இருந்த இடத்தில் தமிழ் உருவம் வரையப்பட்டிருந்தது. எடுத்துக்காட்டாகப் ‘பாமினி’ எழுத்துருவில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவது, இயந்திரத்திற்கு ஆங்கில ‘ஜே, கே, பி, ஓ’ என்னும் நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே ஆகும். தொல்காப்பியர் மெய்க்கு உரிமையாக்கிய புள்ளியை, இயந்திரம் வாக்கிய நிறுத்தக்குறி என்று வகைப்படுத்திற்று! அந்த எழுத்துரு இல்லாத வேறு பொறியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். அக்காலத்து மலர்களின் கோப்புகளை இன்று திறந்து பார்ப்போர் இத்துன்பத்தை நன்கு அறிவர்.

இக்குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு வழிகோலிற்று. ‘டாம்’, ‘டாப்’ என்னும் எட்டுத் துண்மக் குறியேற்றங்களும் ‘தமிழ்99’ விசைப்பலகையும் அம்முயற்சியின் பயனாக எழுந்தன. ஆயினும் உலக மொழிகள் அனைத்தையும் ஒரே எண்வரிசையில் அடக்கும் ‘யூனிகோடு’ எனப்பெறும் ஒருங்குறியே இறுதியில் நிலைபெற்றது. 1991-இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் தமிழுக்கென ஒதுக்கப்பட்டன.

ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவாக வகுக்கப்பட்ட ‘இஸ்கி’ முறையைத் தழுவியது. அதன்படி உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, உயிர்க்குறிகள் 11, புள்ளி 1 ஆக 43 எண்களைக் கொண்டே 247 எழுத்துகளையும் எழுதிவிடலாம். ககரத்திற்கு எண் 2965. புள்ளிக்கு எண் 3021. ‘க்’ என்பது அவ்விரு எண்களின் கூட்டு.

இங்கேதான் இலக்கணமும் இயந்திரமும் எதிர்த்திசையில் நிற்கின்றன. இலக்கணம், ‘க்’ என்னும் மெய்யோடு ‘அ’ சேரக் ‘க’ பிறக்கும் என்கிறது. இயந்திரமோ, ‘க’ என்னும் எழுத்தோடு புள்ளி சேரக் ‘க்’ பிறக்கும் என்கிறது. நமக்கு முதலாயது அதற்குச் சார்பு. நமக்குச் சார்பாயது அதற்கு முதல். இது பிழை என்று உடனே சினங்கொள்ள வேண்டா. ஒலிநெறியை விடுத்து வரிவடிவ நெறியை அது பின்பற்றியது என்பதே நடுநிலையான கூற்று.

‘பல’ என்பது சொல், ‘சில’ என்பது?

ஒருங்குறி ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பொதுவகையைச் சூட்டியுள்ளது. அகரமேறிய மெய்களும் உயிர்களும் ஆய்தமும் ‘எழுத்து’ என்னும் வகையின. கால், கொம்பு, கொக்கி, புள்ளி முதலியன ‘துணைக்குறி’ என்னும் வகையின. துணைக்குறியிலும் இடம் எடுத்துக்கொள்வது, எடுத்துக்கொள்ளாதது என இருபிரிவு உண்டு. துணைக்கால் முதற்பிரிவு, புள்ளி இரண்டாம் பிரிவு.

இன்று பரவலாக வழங்கும் ‘பைத்தான்’ என்னும் நிரல்மொழியில் ‘இஸ்ஆல்ஃபா’ என்னும் கட்டளை, சொல்லில் உள்ள ஒவ்வொன்றும் ‘எழுத்து’ வகையினதாக இருந்தால் மட்டுமே ஆம் என்று விடை தரும். ‘பல’ என்னும் சொல்லை அதனிடம் தந்தால், பகரமும் லகரமும் எழுத்துகள். ஆகவே ஆம் என்னும். ‘சில’ என்னும் சொல்லைத் தந்தால், சகரத்திற்கும் லகரத்திற்கும் இடையே இகரக்குறி இருக்கின்றது, அது துணைக்குறி, ஆகவே இல்லை என்னும். ‘தமிழ்’ என்னும் சொல்லையே தந்தாலும் இல்லை என்றே கூறும். அகரம் ஏறிய எழுத்துகளும் தனி உயிர்களும் மட்டும் கொண்ட மிகச் சில சொற்களைத் தவிர, தமிழ்ச் சொற்கள் யாவும் இத்தேர்வில் தோற்கின்றன.

சொற்களைத் தேடிப் பிரிக்கும் கட்டளைகளிலும் இதே நிலைதான். அம்மொழியோடு வரும் தேடுநூலகத்திடம், ‘எழுத்தும் எண்ணும் தொடர்ந்து வரும் பகுதிகளை எடுத்துத் தருக’ என்று கேட்டால், ‘தமிழ்’ என்னும் ஒரு சொல்லைத் ‘தம’ என்றும் ‘ழ’ என்றும் இரு துண்டாக்கி நீட்டும். இகரக்குறியும் புள்ளியும் இடையே சிந்திப் போகும்.

வேறு சில நூலகங்கள் ‘அகரவரிசைப் பண்பு’ என்னும் மற்றொரு வகைப்பாட்டைக் கையாள்கின்றன. ‘ஜாவா’ மொழியில் இரு வகைக்கும் தனித்தனிக் கட்டளைகள் உள்ளன. இரண்டாம் வகைப்பாட்டில் உயிர்க்குறிகள் ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. ஆகவே ‘சில’ தேறிவிடும். ஆயின் புள்ளி அங்கும் ஏற்கப்படவில்லை. ஆகவே ‘தமிழ்’ அங்கும் தேறாது.

இப்போது நம் மாணவியின் வினாவிற்கு விடை கிடைத்துவிட்டது. ‘ஃபாத்திமா’ என்னும் பெயரில் ஃ, ப, ா, த, ், த, ி, ம, ா என ஒன்பது எண்கள் உள்ளன. ஆய்தமும், பகரமும், தகரம் இரண்டும், மகரமும் ‘எழுத்து’. எஞ்சிய நான்கும் ‘துணைக்குறி’. அந்த நான்குமே தடைக்குக் காரணம். ஆய்தத்தின் மீது பலரும் ஐயங்கொண்டனர். ஆனால் ஆய்தம் குற்றமற்றது. ஒருங்குறியில் அதற்கு ‘விசர்க்கம்’ எனப் பொருந்தாப் பெயர் இடப்பட்டிருப்பினும், வகையால் அஃது எழுத்தே. ஆக, விண்ணப்பத்தை வடித்தவர் வேண்டுமென்று நம் பெயரைத் தள்ளவில்லை. ஆங்கிலத்திற்குப் பொருந்திய ஒரு வினாவை, ஆராயாமல் தமிழிடமும் கேட்டுவிட்டார். ‘எழுத்தா, அல்லது எழுத்தைத் தொடர்ந்து வரும் துணைக்குறியா?’ என்று கேட்டிருந்தால் அப்பெயர் தடையின்றிச் சென்றிருக்கும்.

எண்ணுதலும் திருப்புதலும்

எழுத்தை எண்ணுவதிலும் இதே சிக்கல் உண்டு. ‘கோயம்புத்தூர்’ என்பது நம் கணக்கில் ஏழு எழுத்து. ஒருங்குறி எண்களால் கணக்கிட்டால் பதின்மூன்று. ‘யூடிஎஃப்-8’ என்னும் சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ் எண்ணும் மூன்று பைட்டுகளைக் கொள்ளுமாதலின் 39. ‘எத்தனை எழுத்து?’ என்னும் ஒரு வினாவுக்கு 7, 13, 39 என மூன்று விடைகள்! எதை எண்ணுகின்றோம் என்பதைப் பொறுத்து மூன்றும் சரியே. பெயருக்கு இருபது எழுத்து இடம் என்று ஒரு படிவம் கூறுமாயின், அந்த இருபது எவ்வகை இருபது என்பதை நாம் கேட்டறிய வேண்டும். கைப்பேசிக் குறுஞ்செய்தியில் ஆங்கிலத்திற்கு 160 இடங்களும் தமிழுக்கு 70 இடங்களுமே கிடைப்பதும், அந்த 70-இல் கொம்பும் புள்ளியும் தனித்தனியே கணக்கில் சேர்வதும் இத்தொடர்பில் அறியத்தக்கன.

மாலைமாற்றுச் சொல்லாகிய ‘விகடகவி’யை எடுத்துக்கொள்வோம். வி, க, ட, க, வி என ஐந்து எழுத்து, இருபுறமும் ஒன்றே. ஆயின் எண்களை அப்படியே திருப்பிப் போடும் நிரல், வகரத்திற்குப் பின்னிருந்த இகரக்குறியை முன்னே கொண்டுவந்து நிறுத்திவிடும். ‘இது மாலைமாற்று அன்று’ என்று தீர்ப்பும் வழங்கும்.

இன்னொரு நுட்பம் ‘கொங்கு’ என்னும் சொல்லிலேயே உள்ளது. ஒகரக்குறிக்கு ஒருங்குறியில் தனி எண் ஒன்று உண்டு. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் அடுத்தடுத்து இட்டாலும் அதே உருவம் வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; இயந்திரத்திற்கு வெவ்வேறு. ஒரு முறையில் தட்டெழுதிய ‘கொங்கு’வை மறுமுறையில் தேடினால் கிடைக்காமற் போகலாம். இதனைச் சீர்செய்ய ‘இயல்பாக்கம்’ என்னும் கட்டளை நூலகங்களில் உண்டு. அஃது இருவகையையும் ஒருவகையாக்கிவிடும். ஆனால், ‘ஔ’ என்னும் உயிருக்கு மாற்றாக ‘ஒ’வும் ‘ள’வும் தட்டெழுதுவோரை எந்த இயல்பாக்கமும் காப்பாற்றாது. அது பயில்வோர் திருத்திக்கொள்ள வேண்டிய பிழை.

எண்களிலும் ஒரு செய்தி உண்டு. ௧, ௨, ௩ முதலிய தமிழ் எண்களைப் பைத்தான் மொழி எண்ணாகவே ஏற்கின்றது. ‘௧௨’ என்று தந்தால் பன்னிரண்டு என மதிப்பிடும். ஆயின் ௰, ௱, ௲ ஆகியவை வேறு வகையில் வைக்கப்பட்டுள்ளமையால், நம் முன்னோர் எழுதிய மரபுப்படி ‘௰௨’ என்று தந்தால் மறுத்துவிடும். பழைய ஓலையும் கணக்கேடும் கணிப்பொறியில் ஏற்ற முனைவோர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

அகரவரிசை

முதலிற் கூறிய பெயர்ப் பட்டியலுக்கு வருவோம். ஒருங்குறியில் னகரத்தின் எண் 2985; பகரத்தின் எண் 2986. பிற இந்திய மொழி எழுத்துகளின் வரிசைக்கு இணையாகத் தமிழும் அடுக்கப்பட்டமையால், நகரத்தின் அருகிலேயே னகரம் அமர்ந்துவிட்டது. ஜகரமும் சகரத்திற்கு அடுத்து வந்துவிட்டது. வெறும் எண்வரிசையில் அடுக்கினால் ‘அஜீஸ்’ முன்னும் ‘அன்வர்’ அதன் பின்னும் வருவது இதனால்தான்.

புள்ளியும் இங்கே ஓர் இடர் செய்யும். தமிழ் அகராதி மரபில் ‘அக்கம்’ முன்னும் ‘அகம்’ பின்னும் வரும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியும் இம்மரபையே பின்பற்றியது. எண்வரிசையிலோ மகரத்தின் எண்ணைவிடப் புள்ளியின் எண் பெரியதாதலின் ‘அகம்’ முந்திக்கொள்ளும்.

வரிசை என்பது சிறு செய்தியன்று. திருப்பூரிற் பிறந்து கோவையில் கல்விப்பணி ஆற்றிய தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகம், ஈரோட்டுப் பகுதியிற் பிறந்த பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. கொங்கு நாட்டார் இருவர் முன்னின்று முடித்த அப்பெரும்பணியில் எல்லாச் செய்திகளும் அகரவரிசையில் நிற்கின்றன. வரிசை பிறழ்ந்தால் களஞ்சியம் வெறும் குவியலாகிவிடும் அன்றோ?

இதற்கும் தீர்வு உண்டு. ஒருங்குறி அமைப்பே, ‘குறியெண் வேறு, அடுக்கும் வரிசை வேறு’ என்று தெளிவாகக் கூறி, வரிசைப்படுத்துவதற்குத் தனி அட்டவணையைத் தந்துள்ளது. அவ்வட்டவணையில் றகரத்திற்குப் பின் னகரமும், அதன்பின் ஜ முதலிய கிரந்த எழுத்துகளும் முறையாக நிற்கின்றன. அதனைப் பயன்படுத்தும் நூலகத்தை அழைத்தால் போதும். நம் பட்டியலையும் அவ்வாறே அடுக்கினோம். அன்வர் தமக்குரிய இடத்தை அடைந்தார்.

அரபு எழுத்தோடு ஓர் ஒப்பீடு

இத்துன்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. அரபு எழுத்தைப் பயின்ற நம் பெரியோர்க்கு இது எளிதில் விளங்கும். அரபில் ‘பே’ என்னும் எழுத்து சொல்லின் முதலில் ஓர் உருவமும், இடையில் ஓர் உருவமும், ஈற்றில் ஓர் உருவமும், தனித்து நிற்குங்கால் ஓர் உருவமும் கொள்ளும். உருவம் நான்காயினும் எழுத்து ஒன்றே. ஒருங்குறியில் அதற்குரிய அடிப்படை எண்ணும் ஒன்றே. இடத்திற்கேற்ற உருவைத் தருவது எழுத்துருவின் கடமை.

தமிழிலும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகள் உருமாறின. உருவம் மாறியதே அன்றி எழுத்து மாறவில்லை. ஒருங்குறி உருவத்திற்கு எண் தராமையால், பழைய உருவையும் புதிய உருவையும் ஒரே எண்களைக் கொண்டு காட்ட இயலும்.

மேலும், அரபில் ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா என்பன உயிரொலி காட்டும் குறிகள். உயிரொலி இன்மையைக் காட்டுவது சுகூன். நம் புள்ளியின் உடன்பிறப்பே சுகூன் எனலாம். இக்குறிகளும் ஒருங்குறியில் துணைக்குறிகளே. குறியின்றி எழுதிய அரபுச் சொல் ‘இஸ்ஆல்ஃபா’ தேர்வில் தேறும். திருமறையில் உள்ளவாறு குறிகளோடு எழுதினால் தேறாது. அரபில் அன்றாட எழுத்தில் குறிகளை விட்டுவிடும் வழக்கம் இருத்தலால் அவ்விடர் மறைந்து நிற்கின்றது. தமிழில் குறியை விட்டுவிட்டு எழுதவே இயலாது. ஆகவே இடர் ஒவ்வொரு வரியிலும் வெளிப்படுகின்றது.

தமிழ் முஸ்லிம்கள் அரபு எழுத்துகளுக்குக் கூடுதற் புள்ளிகள் இட்டுத் தமிழொலிகளை எழுதி அரபுத்தமிழ் வளர்த்தனர். ஓர் எழுத்து முறையில் இல்லாத ஒலியை, உள்ள எழுத்தோடு ஒரு குறியைச் சேர்த்துப் பெறும் அறிவு அது. இன்று நாம் ஆய்தத்தைப் பகரத்தோடு சேர்த்து ‘ஃப’ எழுதுவதும் அதே நெறிதான். முன்னோர் கையால் செய்ததை, இயந்திரம் எண்ணால் செய்கின்றது.

கோவையில் எழுந்த ஆணை

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததை இந்நகரத்தார் மறந்திரார். அதனோடு உத்தமம் அமைப்பின் தமிழிணைய மாநாடும் இணைந்து நடந்தது. மாநாடு தொடங்கிய அதே நாளில் தமிழ்நாடு அரசு, கணித்தமிழுக்குரிய குறியேற்றம் குறித்து ஆணை பிறப்பித்தது. ஒருங்குறியே தரம் என்றும், ஒருங்குறி இயலாத இடங்களில் ‘டேஸ்16’ எனப்பெறும் பதினாறு துண்ம முறையைக் கையாளலாம் என்றும் அவ்வாணை வகுத்தது.

டேஸ்16 முறையில் உயிர், மெய், உயிர்மெய் அனைத்திற்கும் தனித்தனி எண் உண்டு. மெய்யின் எண்ணோடு உயிரின் வரிசை எண்ணைக் கூட்டினால் உயிர்மெய்யின் எண் கிடைக்கும். இலக்கணம் கூறும் புணர்ச்சியே கூட்டற்கணக்காகிவிடுகின்றது. ‘தமிழ்’ என்பது மூன்றே எண். இவ்வழகை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயின் அவ்வெண்கள் ஒருங்குறியில் ‘தனிப் பயன்பாட்டுப் பகுதி’ என ஒதுக்கப்பட்ட இடத்தில் அமைந்துள்ளன. உலகெங்கும் உள்ள நூலகங்களின் அட்டவணை அப்பகுதியை எழுத்தென்று கொள்வதில்லை. நம் வீட்டில் முழுமையாக வாழும் எழுத்து, வீதியில் இறங்கினால் அடையாளமின்றி நிற்கும். ஒருங்குறியிலோ வீதி நமக்குத் திறந்திருக்கின்றது. வீட்டுக் கணக்கை மட்டும் நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

தமிழறிந்த நூலகங்கள்

அவ்வீட்டுக் கணக்கை எழுதியோரும் உளர். முத்து அண்ணாமலையும் பிறரும் உருவாக்கிய ‘ஓப்பன் தமிழ்’ என்னும் கட்டற்ற பைத்தான் நூலகம், ஒருங்குறி எண்களைச் சேர்த்துத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும். அதனிடம் ‘தமிழ்’ என்று தந்தால் த, மி, ழ் என மூன்றாகவே தரும். உயிர், மெய், வல்லினம், மெல்லினம், இடையினம் என்னும் பாகுபாடும், சொல்லைத் திருப்பும் கட்டளையும், தமிழ் வரிசையில் ஒப்பிடும் கட்டளையும் அதில் உள்ளன. வினோத் ராஜன் உருவாக்கிய ‘அவலோகிதம்’ என்னும் மென்பொருள், செய்யுளை இட்டால் எழுத்து, அசை, சீர், தளை எனப் பகுத்துக் காட்டுகின்றது. தொல்காப்பியரின் வகைப்பாடு நிரலாக மாறியதற்கு இவை சான்று.

எனினும் அட்டவணையால் மட்டும் எல்லாம் முடியாது. ‘நடு’ என்பதில் உள்ள உகரம் முற்றியலுகரம். ‘நாடு’ என்பதில் உள்ளது குற்றியலுகரம். எண்ணால் இரண்டும் ஒன்றே, உருவாலும் ஒன்றே. முன்னிற்பது தனிக்குறிலா அன்றா என்று நோக்கினாலன்றி வேறுபாடு தெரியாது. தொல்காப்பியர் இதனைச் ‘சார்ந்து வருவது’ என்றது எத்துணை நுட்பம்! தன்னளவில் அறியப்படுவது முதலெழுத்து. சூழலால் அறியப்படுவது சார்பெழுத்து. முன்னதற்கு அட்டவணை போதும். பின்னதற்கு விதி வேண்டும். இன்றைய கணிப்பொறியியலார் உணர்ந்து கூறும் இவ்வேறுபாடு எழுத்ததிகாரத்தின் முதல் இயலிலேயே நமக்குக் கிடைத்திருக்கின்றது.

முடிவுரை

எழுத்தை வகைப்படுத்துதல் என்பது வினாவைப் பொறுத்தது என்பதே இதுகாறும் கண்டவற்றின் சாரம். வடிவம் வேண்டுவார்க்கு ஒரு வகை. ஒலி வேண்டுவார்க்கு ஒரு வகை. வரிசை வேண்டுவார்க்கு மற்றொரு வகை. இயந்திரத்தின் மீது குறையில்லை. எந்த வினாவை எந்த மொழியிடம் கேட்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுப்பார் இல்லாமையே குறை.

அவ்வாறு சொல்லிக் கொடுக்க வல்லவர் யாவர்? நிரல் மட்டும் கற்றவர்க்குக் குற்றியலுகரம் தெரியாது; இலக்கணம் மட்டும் கற்ற நம்மனோர்க்கு நிரல் தெரியாது. கோவையில் மென்பொருள் நிறுவனங்களும் தமிழ்த் துறைகளும் ஒரே சாலையில் அருகருகே இருக்கின்றன. ஆனால் ஒருவர் வாயிலில் மற்றவர் நுழைவதில்லை. மாணவச் செல்வங்களே, உங்களுள் கணிப்பொறி பயில்வோர் நன்னூலின் எழுத்தியலை ஒருமுறை ஓதுங்கள். தமிழ் பயில்வோர் ஒரு சிறு நிரலேனும் எழுதிப் பாருங்கள். ‘விகடகவி’யை மாலைமாற்று என்று ஒப்புக்கொள்ளும் நிரலை எழுதுவதிலிருந்தே தொடங்கலாம்.

நம் மாணவிக்கும் விடை கூறினோம். “அம்மா, உன் பெயரில் எழுத்தல்லாதது எதுவும் இல்லை. கேட்ட வினாவில்தான் ஒரு வரி குறைந்திருந்தது” என்றோம். அவர் சற்று நேரம் எண்ணிவிட்டு, “அந்த வரியை எழுதுவது எப்படி என்று கற்றுக்கொள்கிறேன், ஐயா” என்றார். இக்கட்டுரை எழுதிய பயன் நமக்கு அப்போதே கிடைத்துவிட்டது.